பழைய கண்ணாடிப் படங்களும் நாம் பூசும் வண்ணமும்

தாதர் இரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கிச் சற்றுத் தொலைவு நடந்தால் தாதாசாகேப் பால்கே சாலை வரும். அச்சாலையில் நாள்தோறும் நடப்போருள் பலர், இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் இப்பகுதியில்தான் உருவாயிற்று என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 1913-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் பம்பாயில் திரையிடப்பட்ட ‘இராஜா அரிச்சந்திரா’வைப் பால்கே தாதரில் ஒரு பங்களாவில் வைத்தே எடுத்தார். திரைப்படத் துறைக்கு வருமுன் அவர் ஒரு புகைப்படக்காரர். இரவிவர்மாவின் ஓவியங்களை வண்ணத்தில் அச்சிட்ட அச்சகத்தில் பணி புரிந்தவர். மூவண்ண அச்சுமுறையைப் பயில 1909-ஆம் ஆண்டு ஜெர்மனி வரை சென்று வந்தவர். ஆகவே, நிறம் அறியாத கண்ணாடித் தகட்டிலிருந்து நிறத்தைப் பெறுவது எப்படி என்னும் வினா தாதருக்குப் புதிதன்று. சென்ற ஆண்டு அவ்வினா என்னிடமும் வந்து சேர்ந்தது.

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் வசிக்கிறார். கட்டடத்துத் தமிழர் அனைவருக்கும் அவர் ஆச்சிதான். நான் பௌதிகம் படிப்பவன். எந்நேரமும் கணிப்பொறியும் கையுமாக இருப்பவன். அதனால் ஒருநாள் மாலை அவர் என்னை அழைத்து, பழைய துணியில் சுற்றிய ஒரு கண்ணாடித் தகட்டைக் கையில் கொடுத்தார். அவருடைய தாய் தந்தையரின் திருமணத்தன்று ஊரில் எடுத்த படம் அது. காகிதத்தில் போட்ட படத்தைக் கறையான் எப்போதோ அரித்துவிட்டது. தகடு மட்டும் டிரங்குப் பெட்டியின் அடியில் தங்கி, குடும்பத்தோடு பம்பாய்க்கு வந்துவிட்டது.

“இதுல எங்க அம்மை இருக்கா. கலர்ல போட்டுக் குடு தம்பி, கண்ணால பாத்துக்கிடுதேன்” என்றார்.

அந்த ஒரு தகட்டினால் நான் கற்ற பாடங்களே இக்கட்டுரை. அவற்றுள் முதன்மையானதை முன்னரே கூறிவிடுகிறேன். பழைய படத்தை மீட்பது வேறு. அதற்கு வண்ணம் பூசுவது வேறு. முன்னது, தகட்டில் உள்ளதை வெளிக்கொணர்வது. பின்னது, தகட்டில் இல்லாததை நாம் சேர்ப்பது. இரண்டையும் ஒன்றெனக் கொள்பவர், நல்லெண்ணத்துடனேயே பொய் சொல்லிவிடக்கூடும். நானும் ஒருமுறை சொன்னேன்.

கண்ணாடித் தகடு என்பது யாது?

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. தொடக்கக் காலத்து நெகடிவ்கள் காகிதத்தால் ஆனவை. காகிதத்தின் நாரும் படத்தோடு சேர்ந்து பதிந்தமையால் அவற்றில் நுட்பம் குறைந்தது. 1851-ஆம் ஆண்டு, பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் கண்ணாடியின்மேல் கொலோடியன் என்னும் பிசினைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். படம் மிகத் தெளிவாக வந்தது. ஆயின் தொல்லையும் மிகுதி. நம் நாட்டு வெயிலில் சில நிமிடங்களில் பூச்சு உலர்ந்துவிடும். ஆதலால் அக்காலத்துப் புகைப்படக்காரர், இருட்டுக் கூடாரம், மருந்துப் புட்டி, தண்ணீர் அனைத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டே ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது.

1871-ஆம் ஆண்டு, ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் என்னும் மருத்துவர், வெள்ளி புரோமைடை ஜெலட்டினில் கலந்து பூசும் உலர் தகட்டுக்கு வழி காட்டினார். பின்னர்த் தகடுகள் ஆலைகளில் செய்யப்பட்டு, பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வந்தன. நம் பாட்டன் பூட்டன் காலத்து ஸ்டூடியோக்களில் பயன்பட்டவை பெரும்பாலும் இவையே. ஆச்சியின் தகடும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆறரை அங்குல நீளமும் நாலே முக்கால் அங்குல அகலமும் கொண்ட அதனை, அக்காலத்தார் ‘ஆப் பிளேட்’ என்பர்.

தகட்டில் உருவாவது எதிர்ப்படம். ஒளி மிகுந்து பட்ட இடத்தில் வெள்ளி மிகுந்து படிந்து கறுக்கும்; ஒளி படாத இடம் கண்ணாடியாகவே நிற்கும். எனவே தகட்டில் வெள்ளை வேட்டி கறுப்பாகவும் கருங்கூந்தல் வெள்ளையாகவும் தெரியும். தகட்டை மருந்துக் காகிதத்தின்மேல் வைத்து ஒளி பாய்ச்சினால் நேர்ப்படம் கிடைக்கும். ஒரு தகட்டிலிருந்து எத்தனை படம் வேண்டுமாயினும் போடலாம். எனவே தகடே மூலம். காகிதப் படம் அதன் படி.

இத்தகைய மூலங்கள் நம் நாட்டில் குறைவில்லாமல் இருந்தன. பம்பாய்ப் புகைப்படச் சங்கம் 1854-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. 1844-இல் பிறந்து 1905-இல் மறைந்த இராஜா தீன்தயாள், இந்தூர், செகந்திராபாத் ஆகிய ஊர்களோடு பம்பாயிலும் ஸ்டூடியோ நடத்தினார். அவருடைய ஸ்டூடியோவின் 2,857 கண்ணாடித் தகடுகளைப் புது தில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989-ஆம் ஆண்டு பெற்றுக் காத்து வருகிறது. தமிழ்நாட்டிலோ, புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று, அங்கு எஞ்சியிருந்த குடும்பப் படங்களையும் தகடுகளையும் மின்படிகளாக்கினர். மன்னர்களின் முகங்களுக்கு மட்டுமன்றி, சாதாரணக் குடியானவர்களின் முகங்களுக்கும் வரலாற்றில் இடமுண்டு என்பதை இப்பணி நமக்கு உணர்த்துகிறது.

நான் செய்த முதற் பிழை

தகட்டைப் பெற்ற அன்றிரவே நான் செய்த பிழையை இங்கு மறைக்காமல் சொல்லுதல் நலம். படிப்பவர் அதைச் செய்யாதிருக்கக்கூடும்.

தகட்டின்மேல் அழுக்கும் பூஞ்சைப் புள்ளிகளும் இருந்தன. மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல, ஈரத் துணியால் ஒரு மூலையைத் துடைத்தேன். ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுக்கப்படும் பசை. ஈரம் பட்டால் ஊறும். ஊறினால் கண்ணாடியை விட்டுக் கழலும். என் துணியோடு ஒரு விரற்கடை அளவு பூச்சு வழித்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த மூலையில்தான் ஸ்டூடியோக்காரர் தம் பதிவெண்ணைக் கீறியிருந்தார். நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு மட்டும் இப்போது எஞ்சியுள்ளன. அந்த எண் முழுமையாக இருந்து, ஸ்டூடியோவின் பதிவேடும் எங்கேனும் தப்பியிருந்தால், படம் எடுத்த நாளையே அறிந்திருக்கலாம். எண்பது ஆண்டுகளுக்கு மேல் வெயிலும் மழையும் கறையானும் அழிக்காததை, விஞ்ஞானம் படிக்கும் நான் ஒரு நொடியில் அழித்தேன்.

ஆகவே தகடு ஒன்று உங்கள் கைக்கு வந்தால் செய்ய வேண்டியவை இவை. முதலில், எந்தப் பக்கம் பூச்சு உள்ளது என்று அறிக. தகட்டைச் சாய்த்து விளக்கொளியில் பார்த்தால், பளபளக்கும் பக்கம் வெறுங் கண்ணாடி. மங்கிய பக்கம் பூச்சு. பூச்சுப் பக்கத்தில் தண்ணீரோ விரலோ படலாகாது. மிக மெல்லிய தூரிகையாலோ, கையால் அழுத்தும் காற்றுக் குமிழாலோ தூசியை அகற்றுவதோடு நிறுத்திக்கொள்க. பூச்சு உரிந்தோ செதிலாகவோ இருந்தால் அதுவும் கூடாது. கண்ணாடிப் பக்கத்தை மட்டும் சற்றே ஈரமாக்கிய பஞ்சால், ஓரத்தைத் தொடாமல் துடைக்கலாம். இரப்பர்க் கையுறை நல்லது. பருத்திக் கையுறையில் கண்ணாடி வழுக்கும். இரு கைகளாலும் ஓரங்களைப் பிடித்தே தூக்குக.

தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், கீழுள்ளவை பாரத்தால் உடையும். ஒவ்வொன்றையும் அமிலமில்லாத காகிதத்தில் மடித்து, நீண்ட பக்கம் கீழாக, நூலகத்தில் புத்தகம் நிற்பதுபோல நிறுத்தி வைக்க வேண்டும். உடைந்த தகட்டை மட்டும் அட்டையின்மேல் கிடத்தி வைக்கலாம். ஒட்டுவதற்குப் பசை நாடாவைப் பயன்படுத்தவே கூடாது. நம் மும்பை மழைக்காலமோ, ஜெலட்டினுக்கு எமன். காற்றில் ஈரம் மிகுந்தால் பூஞ்சை அதை உணவாகக் கொள்ளும். வெள்ளியும் மெல்ல மேலெழுந்து, ஓரங்களில் கண்ணாடி இரசம் போலப் பளபளக்கும். எனவே குளியலறைச் சுவரையொட்டிய அலமாரியும் பரணும் தகட்டுக்கு ஏற்ற இடங்களல்ல.

தகட்டிலிருந்து கணிப்பொறிக்கு

அடுத்தது மின்படி எடுத்தல். தகட்டை வெண்ணிற ஒளிப்பலகையின்மேல் வைத்து, அதைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் மறைத்தேன். இல்லையேல் பக்க ஒளி புகுந்து படம் வெளிறிவிடும். நண்பர் ஒருவரின் கேமராவை மேலிருந்து நேர் செங்குத்தாக நிறுத்தி, பூச்சுப் பக்கம் லென்சை நோக்குமாறு, நான்கு பகுதிகளாக எடுத்துக் கணிப்பொறியில் இணைத்தேன். அங்குலத்துக்கு 1,200 புள்ளி என்று கொண்டால், இந்தத் தகட்டுக்கு 7,800 பெருக்கல் 5,700, அதாவது ஏறத்தாழ 4 கோடியே 45 இலட்சம் புள்ளிகள் வரும். சாதாரணப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 256 சாம்பல் படிகளே உண்டு. நான் 16 பிட்டு அளவில், அதாவது 65,536 படிகள் கிடைக்கும்படி பதிவு செய்தேன்.

இவ்வளவு படிகள் எதற்கு எனலாம். தகட்டில் அடங்கும் ஒளி வேறுபாடுகள் அனைத்தையும் காகிதம் காட்ட வல்லதன்று. அடர்ந்த நிழலிலும் மிகு வெளிச்சத்திலும் உள்ள நுட்பங்கள் காகிதத்தில் ஏறாமல் தகட்டிலேயே தங்கிவிடுகின்றன. கணிப்பொறியில் எதிர்ப்படத்தை நேர்ப்படமாக்கி நிழற்பகுதியை மெல்ல உயர்த்தியபோது, அதுவரை இருளாகத் தெரிந்த பின்திரையின் ஓரத்தில் ஒரு சிறுவனின் முகம் தோன்றிற்று. படமெடுக்கும்போது திரையை விலக்கி எட்டிப் பார்த்திருக்கிறான். ஆச்சியிடம் காட்டினேன். சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது எங்க சின்ன மாமால்லா!” என்று வாய்விட்டுச் சிரித்தார். அந்த மாமாவுக்கு வேறு படமே இல்லையாம்.

இதுவே மீட்பின் பயன். அச்சிறுவனை நான் வரையவில்லை. அவன் தகட்டில் இருந்தான். அவனை மறைத்திருந்த இருளை மட்டும் நான் விலக்கினேன்.

பூஞ்சைப் புள்ளிகளையும் கீறல்களையும் நீக்குவதிலும் ஓர் எல்லை உண்டு. பின்திரையில் உள்ள புள்ளியை அருகிலுள்ள திரைப்பகுதியைக் கொண்டு நிரப்பினால் ஒருவர்க்கும் கேடில்லை. கண்ணிலோ உதட்டிலோ விழுந்த புள்ளியை அவ்வாறு நிரப்பினால், அந்தக் கண் நாம் செய்த கண். ஆகவே முதற் பதிவைத் தொடாமல் தனியே வைத்து, படியின்மேல் மட்டும் வேலை செய்தேன். எங்கெங்கே கை வைத்தேன் என்பதையும் குறித்து வைத்தேன். நான் அழித்த மூலையை நிரப்பவில்லை. அது வெறுமையாகவே உள்ளது.

இங்கே ஒன்று நினைவில் கொள்ளுதல் வேண்டும். பழைய படம் என்றாலே உண்மைப் படம் என்பதும் சரியன்று. வில்லியம் ஜான்சன் என்பவர் பம்பாயில் வாழ்ந்த பல சமூகத்தாரைப் படமெடுத்து, 1863, 1866 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றில் மக்கள் வெளியிடங்களில் நிற்பதுபோல் தோன்றும். உண்மையில், ஸ்டூடியோவில் எடுத்த உருவங்களை வேறிடத்துக் காட்சிகளின்மேல் பொருத்தி அச்சிட்ட படங்கள் அவை. நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களும் கூரிய பென்சிலால் நெகடிவின்மேல் மெல்லத் தீட்டி அம்மைத் தழும்பை மறைப்பதுண்டு. நமக்கு முன்னரே பலர் கை வைத்த படத்தில்தான் நாமும் கை வைக்கிறோம்.

சிவப்பைக் காணாத கண்

இனி வண்ணத்துக்கு வருவோம். மீட்ட படத்தைக் கணிப்பொறியின் வண்ணப் பூச்சு மென்பொருள் ஒன்றிடம் கொடுத்தேன். சில நொடிகளில் மணமக்கள் வண்ணத்தில் நின்றனர். வியப்போடு ஆச்சியிடம் ஓடினேன். அவர் முகம் மலரவில்லை.

“ஏ தம்பி, கல்யாணத்தன்னிக்கு எங்க அம்மைக்குக் கறுப்புச் சீலையா கட்டுவாவ? பொட்டும்லா கறுப்பா இருக்கு!” என்றார்.

உண்மைதான். சேலை கருநீலமாக இருந்தது. நெற்றிக் குங்குமம் மை போல் இருந்தது. முகமும் கைகளும் கரிபடிந்தாற்போல் இருந்தன. ஆச்சி சொல்லித்தான் தெரிந்தது, அச்சேலை அரக்குச் சிவப்பு. பின்னாளில் பல ஆண்டுகள் பெட்டியில் இருந்த அதை அவர் சிறுமியாக இருந்தபோது தொட்டுத் தொட்டுப் பார்த்தவர். மென்பொருள் ஏன் தவறிற்று? விடை கணிப்பொறியில் இல்லை. தகட்டின் இரசாயனத்தில் இருக்கிறது.

வெள்ளி புரோமைடு எல்லா ஒளியையும் ஏற்பதன்று. ஒளியின் அலைநீளம் குறையக் குறைய அதன் ஆற்றல் கூடும் என்பதை நாம் அறிவோம். புரோமைடுப் படிகத்தில் மாற்றம் விளைக்கப் புற ஊதா, ஊதா, நீலம் ஆகிய ஒளிகளுக்கே ஆற்றல் போதும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் போதாது. 1873-இல் ஹெர்மன் வோகல் என்னும் ஜெர்மானியர், தகுந்த சாயத்தைச் சேர்த்தால் தகடு பச்சையையும் உணரும் என்று கண்டார். அவ்வகைத் தகடுகளும் சிவப்பை உணரவில்லை. சிவப்பையும் உணரும் தகடு 1906-இல்தான் விற்பனைக்கு வந்தது. அதன் பின்னும் ஊர்ப்புற ஸ்டூடியோக்கள் நெடுங்காலம் பழைய வகையையே வாங்கின. இதற்குச் சான்று வேண்டுமா? இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிந்ததே சான்று. தகடு சிவப்பைக் காணாது என்பதால்தான் அந்த விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு தகட்டைக் கழுவ முடிந்தது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒருநாள் விடியற்காலை தாதர் மேற்கிலுள்ள பூச்சந்தைக்குச் சென்று, என் கைபேசியில் ஒரு கடையைப் படமெடுத்தேன். வண்ணப் படம் ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று படங்களின் சேர்க்கை. அவற்றுள் நீலத்தை மட்டும் நிறுத்தி, மற்ற இரண்டையும் நீக்கினேன். மல்லிகை வெள்ளையாகவே நின்றது. குவியல் குவியலாக ஒளிவீசிய செண்டுமல்லி, கரிமூட்டை போலாயிற்று. சிவப்பு ரோஜாவும் கறுத்தது. பூக்காரம்மாவின் நீலப் புடவை வெளிறிப் பழைய வேட்டி போலாயிற்று. அவர் நெற்றிக் குங்குமம் கறுப்புச் சாந்தாயிற்று. ஏறக்குறைய, அதுவே பழைய தகடு கண்ட தாதர் சந்தை.

ஆச்சியின் தாய் கறுத்துத் தெரிந்த காரணமும் இதுவே. நம் தோல் நீல ஒளியை மிகுதியாக விழுங்கி, சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. தகடு அந்தச் சிவப்பைக் காணாதாகையால், மாநிறத்தவர் கருநிறத்தவராகத் தோன்றுவர். மணப்பெண் அன்று மஞ்சள் பூசிக் குளித்திருப்பார். மஞ்சள் பொடியின் நிறப்பொருளோ நீலத்தைப் பெரிதும் விழுங்கும் தன்மையது. அழகு சேர்க்கப் பூசிய மஞ்சளே படத்தில் அவர் முகத்தை மேலும் இருளச் செய்தது!

உண்மை வண்ணமும் ஊகித்த வண்ணமும்

கறுப்பு வெள்ளைத் தகட்டிலிருந்து உண்மையான வண்ணம் பெற வழியே இல்லையா? உண்டு; ஆனால் படமெடுக்கும்போதே அதற்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகளின் வழியாக மும்முறை எடுத்து, மூன்றையும் ஒன்று சேர்த்தால் நிறம் பிறக்கும். இதனை 1861-ஆம் ஆண்டு இலண்டனில் மேக்ஸ்வெல் ஒரு வண்ண நாடாவைக் கொண்டு செய்து காட்டினார். இதில் வேடிக்கை ஒன்றுண்டு. அன்றைய தகடு சிவப்பைக் காணாதாயின், சிவப்புக் கண்ணாடி வழியே எடுத்த படம் எவ்வாறு பதிந்தது? நூறு ஆண்டுகள் கழித்து, 1961-இல், கோடாக் நிறுவனத்து ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தனர். நாடாவின் சிவப்புப் பகுதி புற ஊதா ஒளியையும் திருப்பியது. வடிகட்டி அதையும் உள்ளே விட்டது. தகடு பதிந்தது சிவப்பையன்று, கண்ணுக்குப் புலப்படாத அந்த ஒளியையே என்று கண்டனர். மேக்ஸ்வெலின் கொள்கை சரி. அதற்கு அன்று வாய்த்த சான்றோ தற்செயல்!

பின்னர்ச் சாயமேற்றிய தகடுகளைக் கொண்டு புரோகூடின் கோர்ஸ்கி என்னும் உருசியர் தம் நாடெங்கும் இம்முறையில் படமெடுத்தார். அவருடைய 1,902 கண்ணாடி நெகடிவ்களை அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 1948-இல் வாங்கியது; 2001-இல் கணிப்பொறி கொண்டு மூன்று படங்களையும் இணைத்துக் காட்சிக்கு வைத்தது. அப்படங்களில் உள்ள சிவப்பு, ஒருவர் நினைத்துப் பூசிய சிவப்பன்று. அன்று கேமராவுக்குள் புகுந்த சிவப்பு. அதை மீட்பு எனலாம். 1907-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்த ஆட்டோகுரோம் தகடும், சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களை வடிகட்டியாகக் கொண்டு நிறத்தை நேரே பதித்தது. ஆல்பர்ட் கான் என்னும் பிரெஞ்சுச் செல்வர் அனுப்பிய புகைப்படக்காரர், 1913-ஆம் ஆண்டு இறுதியில் இத்தகடுகளோடு இந்தியா வந்தார். பால்கேயின் படம் கறுப்பு வெள்ளையில் ஓடிய அதே ஆண்டில் நம் நாட்டின் உண்மை நிறங்கள் சில கண்ணாடியில் பதிந்துவிட்டன.

ஆச்சியின் தகடு அத்தகையதன்று. அதில் ஒரு புள்ளிக்கு ஒரே ஓர் எண், அதாவது சாம்பல் அளவு மட்டுமே உண்டு. நாம் வேண்டுவதோ சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்கள். ஒரு சமன்பாட்டைக் கொண்டு மூன்று அறியாக் கணியங்களைக் காண முடியுமா? பள்ளி மாணவனும் முடியாது என்பான். அதிலும் இச்சமன்பாட்டில் சிவப்பின் குணகம் சுழி. சுழியால் பெருக்கி மறைந்த எண்ணை எந்தக் கணிதமும் திருப்பித் தராது.

அங்ஙனமாயின் மென்பொருள் என்ன செய்கிறது? ஊகிக்கிறது. 2016-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தார் மூவர் வெளியிட்ட முறை இத்துறையில் புகழ் பெற்றது. ஏறத்தாழ 13 இலட்சம் வண்ணப் படங்களைச் சாம்பலாக்கிக் கணிப்பொறிக்குக் காட்டி, எந்தச் சாம்பலுக்கு எந்த நிறம் பெரும்பாலும் வரும் என்று பயிற்றுவித்தனர். சோதனையில் 32 விழுக்காட்டு வேளைகளில் மனிதர் அந்தப் பூச்சையே உண்மை நிறம் என்று நம்பினர். ஆயினும் உண்மை நிறத்தைக் கண்டுபிடிப்பது தம் நோக்கமன்று, நம்பத்தக்க நிறத்தைத் தருவதே நோக்கம் என்று அவர்களே தெளிவாக எழுதினர். அந்த நேர்மையை, மென்பொருளைப் பயன்படுத்தும் நாம்தான் மறந்துவிடுகிறோம்.

மேலும், அவ்வாறு பயிற்றுவிக்கும் படங்கள் இக்காலத்தவை. மூன்று நிறங்களையும் கணக்கிட்டுச் சாம்பலாக்கியவை. பழைய தகட்டின் சாம்பலோ வேறு வகை. இம்முறைகளில் பல, வெளிச்ச அளவை மாற்றாமல் அதன்மேல் நிறத்தை மட்டும் ஏற்றுகின்றன. ஆதலால் தகடு கறுப்பாக்கிய முகம் கறுப்பாகவே நிற்கும். இக்குறையை உணர்ந்த ஆய்வாளர் சிலர், 2021-ஆம் ஆண்டு, பழைய தகட்டின் நிறவுணர்வையும் கணக்கில் சேர்த்து ஆபிரகாம் லிங்கன் முதலியோரின் படங்களைத் திருத்தும் முறையொன்றை வெளியிட்டனர். அதுவும் மேம்பட்ட ஊகமே.

ஊகம் எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்கு அதே 2021-இல் ஒரு கொடிய சான்று கிடைத்தது. கம்போடியாவின் டுவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்பட்டோரின் படங்களுக்கு ஒருவர் வண்ணம் பூசி, ஒரு வெளிநாட்டு இதழ் வழியாக வெளியிட்டார். அவற்றுள் சில முகங்களில் மூலத்தில் இல்லாத புன்னகை சேர்க்கப்பட்டிருந்தது. கம்போடிய அரசும் இறந்தோரின் உறவினரும் கண்டித்த பின், இதழ் அப்படங்களை நீக்கியது. சாவை எதிர்நோக்கி நின்றவர் முகத்தில் புன்னகை வரைவதைக் காட்டிலும் பெரிய பொய் யாது?

மாநிறம் மாநிறமாகவே

ஆச்சியின் படத்துக்கு மீண்டும் வருகிறேன். மென்பொருள் தந்ததை அழித்துவிட்டு, ஆச்சியின் அருகில் அமர்ந்து கேட்டுக் கேட்டு எழுதினேன். சேலை அரக்குச் சிவப்பு. குங்குமம் சிவப்பு. தாலிக் கயிறு மஞ்சள். “மாப்பிள்ளையின் கோட்டு என்ன நிறம், ஆச்சி?” என்றேன். “அது எனக்கெப்படித் தெரியும்? அன்னைக்கு மட்டும் யார்ட்டயோ எரவல் வாங்கிப் போட்டதும்பாவ” என்றார்.

அவ்வேளையில் அவருடைய பேரன், “பாட்டி முகத்தைக் கொஞ்சம் கலராக்கிருங்கண்ணே, பாக்க நல்லாருக்கும்” என்றான். நம்மிடையே ‘கலர்’ என்றால் வெளுப்பு என்று பொருள். ஆச்சி உடனே மறுத்தார். “எங்க அம்மை மாநிறம். என் கையப் பாரு, இதே நெறம். அவள மாத்திட்டேன்னா பொறவு அது யாரு?” என்று தம் கையை விளக்கடியில் நீட்டினார்.

அந்தக் கையையே அளவாகக் கொண்டு முகத்தின் ஒளியையும் நிறத்தையும் திருத்தினேன். சாட்சி உள்ள இடத்துக்கு மட்டும் வண்ணம் தந்தேன். கோட்டும் திரையும் எட்டிப் பார்க்கும் சிறுவனும் சாம்பலாகவே நிற்கின்றனர். படத்தின் பின்புறத்தில், எந்த நிறம் யார் சொல்லியது, எந்த நாளில் சொல்லியது என்று எழுதி, ‘இது வண்ணம் பூசிய படி, மூலம் கறுப்பு வெள்ளை’ என்றும் குறித்தேன். கறுப்பு வெள்ளைப் படியையும் உடன் கொடுத்தேன். ஆச்சி இரண்டையும் வாங்கிக்கொண்டார். மூலையிலிருந்த எண்ணை நான் அழித்ததையும் அன்றுதான் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்து, “போவட்டும், முகம் இருக்குல்லா” என்றார்.

நண்பர்களே! நம்முள் பலருடைய குடும்பங்கள் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவை. ஒரு டிரங்குப் பெட்டியில் ஏறியவையே நம் ஆவணங்கள். மற்றவை ஊரிலேயே நின்றுவிட்டன. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது பரணையும் பழைய பெட்டியையும் பாருங்கள். மூடிக் கிடக்கும் பழைய ஸ்டூடியோ இருந்தால் உரியவரிடம் கேளுங்கள். பூச்சைச் சுரண்டிவிட்டுக் கண்ணாடியைப் படச் சட்டத்துக்குப் பயன்படுத்திய வழக்கமும் உண்டு; அதற்கு முன் நாம் சென்றாக வேண்டும். தகடு கிடைத்தால் துடைக்காதீர்கள். முதலில் மின்படி எடுங்கள். பின்னர்ப் பெரியவர்களை அருகில் அமர்த்தி, சேலை என்ன நிறம், கதவு என்ன நிறம், நிற்பவர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளி இன்னும் நூறாண்டு காலம் கண்ணாடியில் நிற்கும். மென்பொருளும் ஆண்டுதோறும் வளரும், அதற்கு அவசரமில்லை. அந்தச் சிவப்பைக் கண்ணால் கண்டவர்களுக்கோ வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தகடு காணாத நிறம் அவர்களிடம் மட்டுமே இருக்கிறது. முதலில் அவர்களிடம் செல்வோம்.